காலி இடம் விட்டுக் கட்டிய பெட்டி

1

கூரியர் கடையில் என் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த மேசைக்குப் பின்னால் நான் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். பெட்டிக்குள் இருந்தது என் பழைய மடிக்கணினி. மலேசியாவின் கூலாயிலிருந்து கோவில்பட்டிக்கு, என் தம்பி முரளியின் கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

முரளிக்குப் பார்வை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கி, கல்லூரி முடிவதற்குள் முழுதாகப் போய்விட்டது. அதன் பிறகு அவன் எத்தனை வேலைகளுக்கு விண்ணப்பித்தான் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது. பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். நண்பனின் கணினியை இரவல் வாங்கித் தேர்வு எழுதித் தேறினான். ஆனால் வேலைக்குச் சேரும் திங்கட்கிழமை சொந்தக் கணினி தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள்.

அங்கே ஒன்று வாங்கித் தரும் நிலையில் அப்பா இல்லை. என்னிடம் சும்மா இருந்த கணினியில் திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைப் போட்டு, தமிழ்க் குரலும் சேர்த்து, அவன் பழகிய வேகத்துக்கு மாற்றினேன். கண்ணுள்ளவர்கள் கேட்டால் வண்டு ரீங்காரமிடுவதுபோல் இருக்கும் வேகம் அது. அவனுக்கு அதுதான் நிதானம்.

கூரியர் கடைப் பெண் மலாய்க்காரர், என்னைவிட இளையவர். பொறுமையாகவே கேட்டார். உள்ளே பேட்டரி இருக்கிறதா, கழற்ற முடியுமா, அந்த மாடல் பேட்டரிக்குப் பாதுகாப்புச் சான்று இருக்கிறதா. இருக்கிறது, முடியாது, இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். கணினியை அணைத்துவிட்டேனா என்று கேட்டபோது மலாயில் சொல் வராமல், அது தூங்குகிறது என்று சொல்லிவிட்டேன். என் மலாய், மகளின் பாலர் பள்ளி வாசலில் கற்றது. தூக்கம், சாப்பாடு, காய்ச்சல், குடை ஆகியவற்றைத் தாண்டி அங்கே பேச்சு போவதில்லை. அவர் சிரித்துக்கொண்டே, தூங்கினால் ஆகாது, முழுதாக அணைந்திருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. உறக்க நிலையில் இருக்கும் கணினி பைக்குள்ளேயே தானாக விழித்துச் சூடேறும். நான் முழுதாக அணைத்துத்தான் வைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

படிவத்தில் எதற்காக அனுப்புகிறீர்கள் என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. அன்பளிப்பு, விற்பனை, மாதிரி, ஆவணம். தம்பியின் வேலை என்று ஒரு கட்டம் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

2

நான் பக்கத்து ஊரான செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஊரில் எந்தப் பிரிவு என்று கேட்பவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. பெட்டிகளைக் கீழே போடுவதுதான் என் வேலை. கருவிகளைப் பொதிந்த பெட்டியை ஒரு மூலையில், மூன்று விளிம்புகளில், ஆறு முகங்களில் என்று முறைப்படி விழச் செய்து, பிறகு திறந்து உள்ளே என்ன ஆயிற்று என்று எழுதுவேன். கல்யாணம் பேசியபோது என் கணவர் தினேஷ் இதைக் கேட்டு, "அலமாக், ஒடைக்கிறதுக்குச் சம்பளமா?" என்றார். அவர் தினமும் விடியும் முன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சம்பளத்துக்காக மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாததல்ல.

இந்த வேலையால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது கணினியோடு ஊருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நானாகவே அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவேன். இதைப் படிக்கிறவர்களும் தப்ப முடியாது.

முதலில், கணினியில் உள்ளவற்றின் நகல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கணினி உடைந்தால் இன்னொன்று வாங்கலாம், உள்ளே இருந்த படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பேட்டரியைப் பாதி அளவில் நிறுத்தி, உறக்கத்தில் போடாமல் முழுதாக அணைக்க வேண்டும். விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே காகிதம், கடவுச்சீட்டு, பஸ் டிக்கெட் என்று எதையும் வைத்து மூடக் கூடாது, சின்னத் துணுக்கு போதும் திரை விரிய. சார்ஜரைக் கணினியின் முதுகோடு சேர்த்து வைக்கக் கூடாது, அதன் கனமான, செங்கல் போன்ற பகுதிதான் பைக்குள்ளேயே சுத்தியலாகிறது. விமானத்தில் அது உங்கள் கையோடு வர வேண்டும், சரக்கோடு போகக் கூடாது. சோதனை மேடையில் பெல்ட்டில் கணினியை முதலில் விடாதீர்கள், கடைசியாக விடுங்கள். அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது நீங்களும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பெட்டிக்குள் பெட்டி வைக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே நான்கு பக்கமும் இடம் விட்டு அதில் லேசான ஸ்பாஞ்சு மட்டும் இருக்க வேண்டும். பெட்டி விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த இடம்தான். அங்கே கனமாக ஒன்றை வைத்தால் இடம் காப்பாற்றாது, வைத்த பொருளே போய் இடிக்கும்.

முரளிக்காக நான் கட்டிய பெட்டி அப்படித்தான் இருந்தது. தொழிற்சாலையில் வைத்திருந்தால் என் மேலதிகாரி படம் எடுத்திருப்பார். சார்ஜரோடு சேர்த்து ஐந்து கிலோவைத் தொடவில்லை.

3

முரளியோடு வாரம் ஒருமுறை பேசும்போது என் மகள் இயல் போனைப் பிடுங்கிக்கொள்வாள். ஐந்து வயது. மாமாவுக்குக் கண் தெரியாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. தான் வரைந்த படத்தைக் கேமராவுக்கு முன் நீட்டி, "மாமா, தெங்கோக், தெங்கோக்" என்பாள். பார், பார் என்று அர்த்தம். முரளி அலுத்துக்கொள்ளாமல், சொல்லு, கேட்டுப் பார்க்கிறேன் என்பான். அவள் சொல்லத் தொடங்குவாள். வீடு மேரா, கூரை குனிங், மரம் ஹிஜாவ். சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற தமிழ்ச் சொற்கள் அவளிடம் இருந்தன, பாலர் பள்ளிக்குப் போன பிறகு ஒவ்வொன்றாக நழுவிவிட்டன. நான் திருத்தினால் முகம் திருப்பிக்கொள்வாள். முரளி திருத்துவதில்லை. அவன் நிறங்களைப் பார்த்து வளர்ந்தவன். மேரா என்றால் எந்த மேரா, தக்காளியா, செங்கல்லா என்று கேட்பான். இப்போது என் தம்பிக்கு மலாயில் எட்டு நிறங்கள் தெரியும். என் மகளுக்குத் தமிழில் செங்கல் என்ற சொல் தெரியும். இருவருக்கும் லாபம்தான் என்று தினேஷ் சொல்கிறார். எனக்கு அப்படி நினைக்கச் சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை.

நான் கணினியைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விசைகளின் மேல் தடவித் தெரிந்துகொள்வதற்காகச் சின்னச் சின்ன ஒட்டுப் புள்ளிகளை ஒட்டினேன். இவை எதற்கு என்று கேட்டாள். மாமா விரலால் பார்ப்பதற்கு என்றேன். சிறிது யோசித்துவிட்டு, அப்படியானால் தான் வரைந்த படத்துக்கும் புள்ளி ஒட்டித் தரச் சொன்னாள்.

4

கூரியர் இல்லை என்றானதும் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஊருக்குப் போகிறவர் யார் என்று விசாரித்தேன்.

இந்த வழக்கத்தை ஊரில் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வது? இங்கே ஒருவர் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார் என்ற செய்தி, டிக்கெட் அவர் கைக்கு வருமுன்பே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மருந்து, கல்யாணப் பத்திரிகை, கொலுசு, கைலி என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கொண்டுவருவார்கள். மறுப்பது மரியாதை இல்லை. போகிறவரின் பெட்டியில் அவருடைய துணி எவ்வளவு இருக்கிறது என்பது அவர் எவ்வளவு பிரபலமானவர் என்பதைப் பொறுத்தது. நான் ஊரை விட்டு வந்தபோது என் பெட்டியின் மூடிமேல் அம்மா உட்கார்ந்துதான் பூட்டினாள். இங்கே வந்து திறந்தபோது கடலைமிட்டாய் உடைந்து, வெல்லத் துகள் என் கணினியின் விசைகளுக்குள் புகுந்திருந்தது. ஒரு விசை மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கிடைத்தவர் குமரேசன் அண்ணன். மூன்று வீடு தள்ளி இருப்பவர், தொழிற்சாலை ஒன்றில் சரக்கு மேற்பார்வையாளர். திருச்செந்தூருக்கு வேண்டுதல். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போய், அங்கிருந்து காரில் போகிறார். கோவில்பட்டி வழியில்தான் இருக்கிறது. நான் அவரிடம் இரண்டே கேள்விகள் கேட்டேன். உங்களிடம் சொந்தமாக மடிக்கணினி உண்டா? ஏனென்றால் நான் விசாரித்தவரை, பயணி ஒருவர் தீர்வை இல்லாமல் ஒன்றுதான் கொண்டுபோகலாம். இல்லை என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"தெரியாதுன்னு சொல்லுவேன். என் சாமான் இல்லயே."

அதைத்தான் சொல்லக் கூடாது என்றேன். யார் எதைக் கொடுத்தாலும் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லி, கணினியை அவர் கண்முன்னே எடுத்து, இயக்கிக் காட்டி, மறுபடி அணைத்து, பெட்டியில் வைத்தேன். கணினி பேசியதைக் கேட்டு அவர் ஓரடி பின்னால் போனார். "என்னா இது, திட்டுதா?" என்றார்.

பெட்டியை மறுநாள் சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று எனக்கு வேலை. வரவேற்பறை மேசைமேல் பெட்டியை வைத்து, கையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடக் கூடாது என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். வீட்டில் இருந்த மாமியாரிடமும் சொல்லிவிட்டுப் போனேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்து, கல்யாணமாகிக் கூலாய்க்கு வந்தவர். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் குரல் உயர்த்தி எதுவும் சொன்னதில்லை. "சரிம்மா, நீ போ, நான் பார்த்துக்குறேன்" என்றார்.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா கூப்பிட்டார். குரல் மகிழ்ச்சியாக இருந்தது. குமரேசன் வந்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனதாகவும், சாப்பிடச் சொல்லியும் நிற்கவில்லை என்றும் சொன்னார். பிறகு, எதற்கம்மா இவ்வளவு சாமான் அனுப்பினாய் என்றார்.

எவ்வளவு சாமான் என்று கேட்டேன்.

அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். காப்பித்தூள் டின் இரண்டு. பிஸ்கட் டின் ஒன்று. தலைவலித் தைலம் ஒரு பொட்டலம். நெத்திலிக் கருவாடு, துணியில் சுற்றியது. அம்மாவுக்கு ஒரு கைலித் துணி. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் பெட்டியைத் திறக்குமுன்பே சில சமயம் தெரிந்துவிடும்.

"ஏம்மா, இதுல கண்ணாடி நொறுங்கிக் கெடக்கே" என்றார் அப்பா.

அன்று சாயங்காலத்துக்குள் நடந்ததை நான் கோர்த்துக்கொண்டேன். அத்தை பெட்டியைப் பார்த்திருக்கிறார். உள்ளே பாதி இடம் சும்மா ஸ்பாஞ்சாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகப் போகும் பெட்டி. ஸ்பாஞ்சை உருவிவிட்டு, அந்த இடத்தில் வீட்டில் இருந்த நல்லதையெல்லாம் வைத்து, திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கிறார். கனம் எட்டு கிலோவைத் தாண்டிவிட்டது. கைச்சாமானுக்கு ஏழுதான். பெட்டிமேல் விமானச் சரக்குச் சீட்டு இருப்பதாக அப்பா சொன்னார், கவுண்டரில் குமரேசன் அண்ணனிடம் அதைச் சரக்கில் போடச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி எங்கெங்கோ விழுந்து எழுந்து போயிருக்கிறது. நான் காலியாக விட்ட இடத்தில் காப்பித்தூள் டின்கள் இருந்தன.

எனக்கு அத்தைமேல் கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அது நிற்க இடம் கிடைக்காமல் போய்விட்டது. இந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் சாம்பார் கொடுத்த டப்பாவை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. பலகாரமோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியோ அதில் இருக்கும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். நானும் அப்படித்தான் செய்கிறேன். காலிப் பாத்திரம் போனால், உங்களுக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியதுபோல. அந்தச் சட்டத்தின்படி நான் கட்டிய பெட்டி ஓர் அவமானம். என்ன செய்யக் கூடாது என்று பெட்டிமேல் எழுதினேன். அந்த இடம் எதற்காகக் காலியாக இருக்கிறது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

தினேஷிடம் சொன்னேன். அவர், "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம் லா. தாங்க மாட்டாங்க" என்றார். வேறு கணினி தேடலாம் என்றார். எங்கே தேடுவது? கோவில்பட்டியில் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்குகிறது.

6

அப்பா நின்ற காலில் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்த ஒரு கடையில் அதை இயக்கிப் பார்த்தார்கள். திரை கறுப்பாகவே இருந்ததால் உடனே அணைத்துவிட்டு, திரை போயிற்று, உள்ளேயும் போயிருக்கும், இதற்குச் செலவு செய்வது வீண் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா திரும்பி வந்து என்னை அழைத்தார். பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். என் அப்பா அழுது நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை, அவர் போனைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

நானும் மனதுக்குள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டி பிரித்தல், வெளித்தோற்றம், திரை. எங்கள் படிவத்தில் திரை உடைந்தால் அதன் கீழே உள்ள எதையும் நிரப்ப மாட்டோம். தோல்வி என்று எழுதி மூடிவிடுவோம்.

அப்போது முரளியின் குரல் கேட்டது. "அப்பா, போன இங்க குடுங்க."

அவன் அதுவரை கணினியைத் தொடவே இல்லை. அப்பா தொடவிடவில்லை. கண்ணாடித் தூள் விரலில் ஏறிவிடும் என்று பயம். அவனுக்கு விரல்தானே எல்லாம்.

"அக்கா, கடையில போட்டப்போ அது பேசுச்சான்னு அப்பாகிட்ட கேட்டேன். தெரியலங்காரு. யாராச்சும் ஒரு நிமிஷம் சும்மா நின்னு காது குடுத்தாங்களா?"

இல்லை. யாரும் நிற்கவில்லை. கடைக்காரர் கண்ணால் பார்த்தார். அப்பா கண்ணால் பார்த்தார். நான் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே, கண்ணால் பார்த்தேன். அந்தக் கணினியைப் பார்க்கவே போகாத ஒருவனுக்கு அதை அனுப்பியது நான்தான் என்பது என் நினைவில் இல்லை.

உடனே வேலையை ஆரம்பித்தோம். அப்பாவிடம் பார்சல் ஒட்டும் அகல டேப் எடுத்துவரச் சொன்னேன். திரை முழுவதும் விரிசல்களின் மேல் இரண்டு அடுக்கு ஒட்டச் சொன்னேன். ஓரங்களையும் விடக் கூடாது. பிறகு விசைப்பலகையைத் தலைகீழாகச் சாய்த்துத் தட்டி, பழைய துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறியச் சொன்னேன். பேட்டரி நசுங்கியோ புடைத்தோ இருக்கிறதா என்று அடிப்பக்கத்தை மேசைமேல் வைத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். உடைந்த திரையைவிட நான் அஞ்சியது அதைத்தான். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும், அப்படி இருந்தால் சார்ஜ் போடவே கூடாது. தட்டையாக இருக்கிறது, ஆடவில்லை, சூடும் இல்லை என்றார். சரி, சார்ஜரைச் செருகி, பொத்தானை அழுத்தி, எல்லோரும் அமைதியாக இருங்கள் என்றேன்.

போனில் கோவில்பட்டி வீட்டின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் தெருவில் பழம் விற்றுக்கொண்டு போனார். இவ்வளவு நேரமா ஆகும் என்று அப்பா தொடங்கினார், முரளி அவரை அடக்கினான்.

பிறகு அந்த இயந்திரக் குரல், ஒரு பக்கம் கரகரவென்று, கடவுச்சொல்லை உள்ளிடவும் என்றது.

விசைகள் தட்டும் ஓசை வந்தது. வண்டு ரீங்காரம் தொடங்கியது. முரளி எதையோ திறந்தான், மூடினான், தட்டச்சு செய்தான். ஒரு ஸ்பீக்கர் போய்விட்டது, காதுக்கருவி போட்டுக்கொள்வேன், அதனால் பரவாயில்லை என்றான். எல்லா விசைகளும் வேலை செய்கின்றன என்றான். புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. எஃப் மேல கொஞ்சம் வெலகி ஒட்டியிருக்க. பரவால்ல, கண்ணு தெரிஞ்சவங்க ஒட்டுனா அப்படித்தான் இருக்கும்."

7

திங்கட்கிழமை அவன் வேலையில் சேர்ந்துவிட்டான். இதோடு இந்தக் குறிப்பை முடித்திருப்பேன். ஆனால் குமரேசன் அண்ணன் திரும்பி வந்தார்.

திருச்செந்தூர் விபூதியும் பனங்கற்கண்டும் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார். நான் அடுக்களையில் இருந்தேன். பேச்சுவாக்கில், அக்கா, நீங்கள் வைத்ததாகச் சொன்ன காப்பித்தூளால் கவுண்டரில் பெரிய பாடாகிவிட்டது, கையில் கொண்டுபோக விடவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போகும்போது கோவில்பட்டியில் நிற்க நேரம் இல்லாததால் பெட்டி திறந்ததை அவர் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அத்தைக்கு அது போதுமாக இருந்தது. சரக்கில் போடக் கூடாது என்று நான் எழுதி ஒட்டியதை அவர் படித்திருந்தார்.

குமரேசன் அண்ணன் போன பிறகு அத்தை அடுக்களைக்கு வந்தார்.

"ஒடஞ்சிருச்சா?"

திரை மட்டும் என்றேன்.

"என் டின்னாலயா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றேன். ஆனால் வேலை கெடவில்லை, முரளி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறான் என்று வேகமாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாதிப் பொட்டி காலியா போகுதேன்னு பார்த்தேன். ஒங்க அம்மா தொறந்து பார்த்தா, மக மாமியா வூட்டுலேருந்து வெறும் ஸ்பாஞ்சி வந்துருக்குன்னு நெனைப்பாங்கல்ல. அந்தப் புள்ள பொழப்பயே கெடுக்கப் பார்த்தேனே."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடம் எதற்கு என்று அப்போதுதான் முதன்முறையாக அவருக்குச் சொன்னேன். காலியாகத் தெரிகிறது, ஆனால் அடி வந்தால் அதுதான் வாங்கிக்கொள்ளும் என்றேன். முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

முரளியிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, உம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அவனுக்கு வேலை நேரம். இரண்டு நாள் கழித்து என் போனில் ஒரு செய்தி வந்தது. அவன் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவான். இது தட்டச்சு செய்தது. மேலே, அத்தைக்கு என்று இருந்தது. போனை அத்தையிடமே கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தோட்டப் பள்ளியில் படித்தவர்களின் பழக்கத்தில், வாய்விட்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"அத்தைக்கு வணக்கம். நான் முரளி. இது என் வேலைக் கணினியில் எழுதுவது. உங்கள் காப்பித்தூளைத் தினமும் காலையில் போட்டுக் குடித்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறேன். அம்மா பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார்கள். நெத்திலி முதல் நாளே தீர்ந்துவிட்டது. இன்று என் மேலாளர், தவறு இல்லாமல் எழுதுகிறாய் என்று சொன்னார். நீங்கள் வருத்தப்படுவதாக அக்கா சொன்னாள். உடைந்தது திரை மட்டும்தான் அத்தை. அந்தப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை."

கடைசி வரியை அத்தை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வாயப் பாரு இவனுக்கு" என்றார். பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டார்.